பிரேக் பெடலில் ஒரு கொண்டை ஊசி

ஆறு மணிக்குள் அண்ணி தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு தெருமுனைப் பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்பி வர வேண்டும். வந்துவிட்டால் கார் கொட்டகையிலேயே இருக்கலாம். வராவிட்டால் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இது அண்ணன் போட்ட நிபந்தனை. போன ஞாயிறு சாப்பிடும்போது விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். அண்ணி சிரிக்காமல் "சரி" என்று சொல்லிவிட்டதால் வார்த்தையைத் திரும்ப எடுக்க அவனுக்கு வழியில்லாமல் போயிற்று.

அண்ணியின் அம்மா வாடகைக்கு ஓட்டிய கார் அது. அதை ஓட்டித்தான் பெண்ணைப் படிக்க வைத்தார். அவர் போன பிறகு நாலு வருஷமாக எங்கள் கொட்டகையை அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிறவன். பெட்டிகளை அடுக்க இடமில்லாமல் வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறான். அவன் பக்கமும் நியாயம் இருந்தது.

எஞ்சினை ஒர்க்‌ஷாப்காரர் வந்து கிளப்பிக் கொடுத்துவிட்டார். பிரேக் ஆயிலும் மாற்றியாகிவிட்டது. கைபிரேக் கம்பி அறுந்து கிடந்தது. புதுசு வரப் பத்து நாள் ஆகுமாம். மிச்சம் பெடல்கள். கிளட்சும் பிரேக்கும் ஒரே தண்டில் தொங்குகிற பெடல்கள். அந்தத் தண்டு துருவேறி, பழைய கிரீஸ் பிசினாக இறுகி, மிதித்தால் சுவரை மிதிக்கிற மாதிரி இருந்தது. முழு பலத்தையும் போட்டால் உள்ளே போகும். போனது தானாகத் திரும்பாது, குனிந்து கையால் இழுத்துவிட வேண்டும்.

"டாஷ்போர்டுக்கு அடியில தலைகீழாப் படுத்துச் செய்யற வேலைம்மா இது," என்று ஒர்க்‌ஷாப்காரர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "என்னை உள்ள விட்டீங்கன்னா வெளிய எடுக்கக் கதவை அறுக்கணும். நீங்களே பண்ணிக்கங்க." போகும்போது இரண்டு புது ஸ்பிளிட் பின்களை அண்ணி கையில் கொடுத்தார். பெடலையும் அதற்குப் பின்னால் இருக்கும் கம்பியையும் விரல் நீள ஆணி ஒன்று கோத்து வைத்திருக்கிறது. அந்த ஆணி கழன்று வராமல் அதன் முனை ஓட்டையில் செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்கிவிடுவதுதான் ஸ்பிளிட் பின். "பழசு ரெண்டும் கழட்டும்போதே ஒடிஞ்சிரும். இது இல்லாம வண்டியை எடுக்காதீங்க."

வீட்டில் ஒல்லி, அண்ணனின் தங்கையான நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் தலை காருக்குள் போயிற்று. கால்கள் முன்சீட்டின் சாய்மானத்தில் கிடந்தன. அண்ணி வெளியில் உட்கார்ந்து கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அதிகம் பேச வராது என்று அவளுக்குத் தெரியும். அதனால் எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். அவள் கேட்பாள். ஆகியிருந்தால் நான் "ம்" என்பேன். ஆகாவிட்டால் பேசாமல் இருப்பேன்.

"ஸ்பிரிங் ரெண்டும் கழட்டியாச்சா?"

"ம்."

"தண்டு அசையுதா?"

அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றினோம், காத்திருந்தோம், மரக்கட்டையை வைத்துத் தட்டினோம், மறுபடி ஊற்றினோம். எண்ணெய் காதுக்குள் ஓடியது. மதியம் அண்ணன் வந்து என் உள்ளங்காலில் சுரண்டினான்.

"என்ன ஊமைக்கோட்டான், உயிரோட இருக்கியா? இரும்புக்காரர் உன்னையும் சேர்த்து எடை போட்டுக்கறேன்னு சொன்னார்."

"வேலை இல்லேன்னா உள்ள போங்க," என்றாள் அண்ணி.

நாலு மணிக்குத்தான் தண்டு வெளியே வந்தது. சுட்ட கட்டை மாதிரி கறுத்திருந்தது. அண்ணி அதை மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்தாள். முக்கால் மணி நேரம் தேய்த்தாள். அதற்குள் இரும்புக்காரர் லாரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். அவருக்கு டீ கொடுக்கும் சத்தம் கேட்டது. அண்ணியின் கை இன்னும் வேகமாக ஓடியது.

கிரீஸ் தடவித் தண்டைத் திரும்பச் செருகினேன். வெண்ணெயில் போகிற மாதிரி போயிற்று. ஸ்பிரிங்குகளை மாட்டினேன். கிளட்சுக்கு ஆணி, அதற்குப் பின். பிரேக்குக்கு ஆணி. இரண்டாவது பின்னை எடுத்தபோது விரலெல்லாம் கிரீஸ். பின் நழுவியது. தரைத் தகட்டில் துரு அரித்த ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியாக விழுந்து, கொட்டகையின் சாக்கடைக் கம்பிகளுக்கு நடுவே தண்ணீரில் போய்ச் சேர்ந்தது. 'டிங்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

"மணி அஞ்சே கால்," என்றாள் அண்ணி. "பின் போட்டாச்சா?"

நான் பேசாமல் இருந்தேன்.

"பிரேக்குக்குப் பின் போட்டாச்சா?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்தக் கடையில் போய் பின் வாங்குவது? என் கொண்டையில் கை போயிற்று. கொண்டை ஊசிக்கும் இரண்டு கால். கிட்டத்தட்ட அதே கனம். ஓட்டையில் செருகினேன், போயிற்று. கால்களை மடக்கினேன். மடங்கின, ஆனால் விட்டதும் கொஞ்சம் திரும்பி நிமிர்ந்தன.

"ஏய், தூங்கிட்டியா? போட்டாச்சா?"

"ம்."

அதற்குப் பிறகு அண்ணி சீட்டில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். மெத்தென்று உள்ளே போய், காலை எடுத்ததும் தானே மேலே வந்தது. பத்துத் தடவையாவது மிதித்திருப்பாள். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். "பின்னெல்லாம் சரியா இருக்குல்ல?" என்று நாலாவது முறையாக, என்னைப் பார்த்தே கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்போதும் நான் "ம்" என்றேன்.

எஞ்சின் கிளம்பியது. மனசு கேட்காமல் நானும் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டேன். வாசலில் அண்ணன் கைக்கடியாரத்தைத் தட்டிக் காட்டினான். "அஞ்சு நாப்பது. பத்திரமாப் போயிட்டு மெதுவா வா. ஆறரைக்கு வந்தாலும் போதும்," என்று கிண்டலடித்தான். இரும்புக்காரர் டீ கிளாஸைத் தூக்கி வழியனுப்பினார்.

எங்கள் தெரு சரிவு. மேலே எங்கள் வீடு, கீழே பஸ் போகிற பெரிய ரோடு, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பங்க். அண்ணி இரண்டாவது கியரில் இறக்கினாள். முதல் தடவை பிரேக் பிடித்தாள். பிடித்தது. இரண்டாவது தடவையும் பிடித்தது. 'சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு' என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திரும்பி வர இன்னும் ஏழெட்டு முறையாவது பிரேக் பிடிக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

பாதித் தெருவில் வேகத்தடை. கார் தூக்கிப் போட்டது. அண்ணியின் காலடியில் ஏதோ 'டிக்' என்று விழுந்தது.

"என்னது அது?"

நான் சீட்டிலிருந்து சரிந்து கீழே போனேன். கியர்க் கம்பிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். கிளட்ச் பெடலைத் தாண்டி, பிரேக் பெடலின் மேல்பக்கத்தைத் தடவினேன். ஆணி பாதி வெளியே வந்திருந்தது. கட்டைவிரலால் உள்ளே தள்ளி அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, பிரேக் புடிங்க! மெதுவா! இப்பவே!"

என் குரலை அவ்வளவு பெரிதாக அவள் கேட்டதே இல்லை. ஏன் என்று கேட்காமல் மிதித்தாள். பெடலோடு சேர்ந்து என் கையும் நகர்ந்தது. கம்பியின் பிளவுபட்ட முனைக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் நசுங்கியது. பெரிய ரோட்டில் பஸ்ஸின் ஹாரன் கிட்டத்தில் கேட்டது. கார் நடைபாதைக் கல்லில் சக்கரத்தை உரசிக்கொண்டு போய் நின்றது.

"காலை எடுக்காதீங்க. எடுத்தா ஆணி வந்துரும்."

"எந்த ஆணி?"

சொன்னேன். பின் விழுந்தது, கொண்டை ஊசி, எல்லாம். தலை டாஷ்போர்டுக்கு அடியில் இருந்ததால் அவள் முகம் தெரியவில்லை. செருப்பும் கணுக்காலும் மட்டும் தெரிந்தன. எஞ்சினை அணைத்து கியரில் போட்டாள். ஆனாலும் நாலு வருஷம் சும்மா கிடந்த கியரை நம்பிக் காலை எடுக்க அவளுக்குத் துணிவில்லை. கையை எடுக்க எனக்கும் துணிவில்லை. சக்கரத்துக்குக் கல் வைக்க மூன்றாவது ஆள் வேண்டும். அண்ணி ஹாரனை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள். பிறகு நிறுத்தினாள்.

"எத்தனை தடவை கேட்டேன்?"

"நாலு."

"ஏன்டி?"

"நேரம் ஆயிடுச்சு. கார் போயிடுமேன்னு..."

"நான் போயிருப்பேனே, லூசு. நீயும்தான் பக்கத்துல உக்காந்திருந்த."

அண்ணன் ஓடி வரும் சத்தம் கேட்டது. "என்ன, பங்க் இங்கேயே வந்துருச்சா?" என்று ஆரம்பித்தவன் ஜன்னலுக்குள் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"முன்சக்கரத்துக்குக் கல்லு வைங்க," என்றாள் அண்ணி. "பெருசா. அப்புறம் பேசலாம்."

பக்கத்து வீட்டு மதில் ஓரம் கிடந்த கல்லைத் தூக்கி வந்து வைத்தான். உதைத்துப் பார்த்தான். இன்னொரு கல்லும் வைத்தான். அதன் பிறகு அண்ணி காலை எடுத்தாள். நான் கையை எடுத்தேன். கட்டைவிரல் நகம் முழுக்கக் கறுத்திருந்தது.

வெளியே இறங்கினேன். அண்ணி என் பக்கம் பார்க்கவில்லை. எனக்காக அவள் எதுவும் சொல்லப் போவதில்லை என்று புரிந்தது. இரும்புக்காரரும் லாரியை உருட்டிக்கொண்டு வந்து பின்னால் நிறுத்தியிருந்தார்.

"பின்னைத் தொலைச்சது நான்," என்றேன் அண்ணனிடம். "சொல்லாம கொண்டை ஊசியை மாட்டினதும் நான்தான். அண்ணிக்குத் தெரியாது."

அவன் கேலி செய்வான், இல்லாவிட்டால் அறைவான் என்று நினைத்தேன். அவன் பெரிய ரோட்டைப் பார்த்தான். ஒரு பஸ் போயிற்று. அடுத்து ஒரு தண்ணீர் லாரி. நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆறு ஆகப் போகுது சார்," என்றார் இரும்புக்காரர். "இங்கயே ஏத்திரலாமா? சரிவா இருக்கு, வசதிதான்."

அண்ணன் தலையைத் தூக்கினான். "உங்க லாரியில ஸ்பிளிட் பின் இருக்கா?"

"எனக்கா இல்ல? ஒரு டப்பா நிறைய இருக்கு. ஆனா அதைக் குடுத்தா நான் வெறும் லாரியைத்தானே ஓட்டிட்டுப் போகணும்?"

"ஆமா," என்றான் அண்ணன்.

இரும்புக்காரர் அவனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். "என் பொழப்புல நானே மண்ணைப் போட்டுக்கறேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே டப்பாவை எடுத்து வந்தார்.

பின்னை வாங்க நான் கையை நீட்டினேன். "தள்ளு," என்றாள் அண்ணி. அவள் என்னைப் போல ஒல்லி இல்லை. தோள் மாட்டிக்கொண்டது, புடவை கியரில் சிக்கியது. தலைகீழாகக் கிடந்து, அண்ணன் டார்ச் பிடிக்க, அவளே செருகினாள், அவளே மடக்கினாள், குறட்டால் இழுத்துப் பார்த்தாள். இருபது நிமிஷம் ஆயிற்று. மணியை யாரும் பார்க்கவில்லை. என்னிடம் அவள் எதுவும் கேட்கவும் இல்லை.

பங்க் வரை போனாள். திரும்பி வந்து என் பக்கத்தில் நிறுத்தினாள். "நின்னுட்டே இருக்காத, ஏறு," என்று கதவைத் திறந்துவிட்டாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது. ஏறினேன்.

மேட்டில் ஏறும்போது கண்ணாடியைப் பார்த்து, "உங்க அண்ணன் எதுக்குக் கல்லைத் தூக்கிட்டு வரார்?" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். வயிற்றோடு கல்லை அணைத்துக்கொண்டு மூச்சிரைக்கக் காருக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், கீழே போய்த் திருப்பிக்கொண்டு வந்த வெறும் லாரி, வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தது. அவன் ஒதுங்கவில்லை.

அண்ணி நடு மேட்டில் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தாள். கார் அப்படியே நின்றது. அண்ணன் பாய்ந்து வந்து பின்சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டு, "புடிக்குதா? புடிக்குதா?" என்று கத்தினான்.

"புடிக்குது!" என்று தலையை வெளியே நீட்டிக் கத்திவிட்டு, அண்ணி காரை நகர்த்தினாள். அவன் மறுபடி கல்லைத் தூக்கிக்கொண்டான். வீட்டு வாசல் வருவதற்குள் அவள் இன்னும் இரண்டு முறை நிறுத்தினாள், அவனும் இரண்டு முறை கல்லை வைத்தான்.