ஒம்பது பத்துக்கு அப்புறம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கேவலம். 2006 சித்திரையில் சிவகாசி அச்சக முதலாளி காளிராஜ் அண்ணாச்சி, "ஏம்யா, பிள்ளைக பாட்டு எழுத வருமா ஒமக்கு?" என்று கேட்டார். "அது நமக்குத் தண்ணி பட்ட பாடு அண்ணாச்சி" என்றேன். அதுவரை நான் எழுதியதெல்லாம் அவருடைய காலண்டர்களுக்கு ராசிபலன்.

எழுதிய பாட்டைப் பிள்ளைகளிடம் பாடிப் பார்க்க எம். புதுப்பட்டி பால்வாடிக்குப் போனேன். நடந்தது அங்கேதான்.

2

முதல் தொடக்கம்: 'வானத்து மேகங்கள் கை கோத்து ஆடிய அந்தக் காலை—' (சித்திரை வெயிலில் ஏது மேகம்? அடித்தாயிற்று.)

இரண்டாவது: 'பாடி ஆடிக் கற்பது குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு எவ்வளவு—' (எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: பால்வாடி டீச்சர் மாரிசெல்வி ஒரு வாண்டைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். மூன்றோடு நின்றுவிட்டான். "இப்பப் பாருங்க சார்" என்று அவர் கை தட்ட, அவன் குதிக்க ஆரம்பித்தான். குதிக்கு ஒரு எண்ணாகப் பத்துவரை போய்விட்டான்.

"கை காலு போனா வாயும் பின்னாலயே போயிருது சார்" என்றார் டீச்சர். என் இரண்டாவது தொடக்கத்தில் நாலு பக்கம் ஓட வேண்டிய கட்டுரை அந்த ஒரே வரியில் முடிந்துபோனது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

3

சினேகாவுக்கு நாலரை வயது. காது நன்றாகக் கேட்கும். ஆனால் 'ம்மா', 'தா' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் வாய் திறந்ததில்லை. அவள் அம்மா சோலையம்மாள் வெடி கம்பெனியில் வேலை பார்ப்பவர். காலையில் மகளை விட வந்தவர், நான் இருப்பதைச் சட்டை செய்யாமல் டீச்சரிடம் சொன்னார்:

"ஜூனுக்குப் பெரிய பள்ளிக்கூடத்துல பேரு கேப்பாகல்ல. இது முழிச்சுக்கிட்டு நிக்கும். அதுவரைக்கும் பாப்பேன் டீச்சர். வாயத் தொறக்கலேன்னா வீட்டுல இருந்து எங்க நாத்தனாரோட தீப்பெட்டி ஒட்டட்டும்."

(இந்த இடத்தில் சினேகாவின் அப்பா ஒரு வெடிவிபத்தில் இறந்துபோனதாக எழுதியிருந்தேன். அழுதுகொண்டேதான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அப்பா முத்துப்பாண்டி குத்துக்கல்லாட்டம் இருக்கிறார், லோடு வண்டி ஓட்டுகிறார், போன வாரம் எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார்.)

4

பாட்டு இதுதான். ஒவ்வொரு வரிக்கும் செய்கை உண்டு.

ஒண்ணு ரெண்டு பெட்டியத் தொற
மூணு நாலு திரிய நிமித்து
அஞ்சு ஆறு தள்ளி நில்லு
ஏழு எட்டு காதப் பொத்து
ஒம்பது பத்து டமார்!

பிள்ளைகள் பெட்டியைத் திறந்தார்கள், திரியை நிமிர்த்தினார்கள், தள்ளி நின்றார்கள். சினேகாவும் வாயை மூடிக்கொண்டு எல்லாம் செய்தாள். கடைசி வரிக்கு அத்தனை பேரும் குதிக்க வேண்டும். நான் தொண்டை கிழிய "டமார்" என்றேன்.

ஒருத்தரும் குதிக்கவில்லை. பத்தொன்பது பிள்ளைகளும் வாசலுக்கு ஓடினார்கள்.

பாட்டு அப்படிப் பிடித்துப்போயிற்று என்று நினைத்தேன். (ஆமாம், நினைத்தேன். அடிக்காமல் விட்டுவைக்கிறேன், கிடக்கட்டும்.) அவர்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கம்பெனிகள் இருக்கிற பக்கம் வானத்தைப் பார்த்தார்கள். புகை தெரிகிறதா என்று பார்த்தார்கள். அந்த ஊரில் பகலில் ஒரு சத்தம் கேட்டால் எல்லோரும் செய்வது அதுதான். டீச்சரும் ஒரு எட்டு வைத்துவிட்டுத்தான் நின்றார். முன்வரிசையில் சினேகா.

வெடி ஊருக்கு வெடிப்பாட்டு எழுதிக்கொண்டு போன மேதை நான்.

"ஒண்ணுமில்ல, வாங்க. சார்தான் கத்துனாக" என்று டீச்சர் எல்லோரையும் உள்ளே கூட்டிவந்தார். கையோடு அதே பாட்டை மறுபடி ஆரம்பித்தார். பயந்த மேனிக்கு விட்டால் நாளைக்கு ஒன்றும் வராது என்றார். ஒம்பது பத்து வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. நான் சத்தியமாகத் திறக்கவில்லை.

"புஸ்ஸு" என்றது ஒரு குரல்.

சொல்லிவிட்டுத் தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள் சினேகா. அவள் சொன்னது வெடிக்காத வெடி. அதற்கு யாரும் ஓட வேண்டாம், யார் அம்மாவையும் தேட வேண்டாம். பிள்ளைகள் எல்லோரும் "புஸ்ஸு" என்று விழுந்து உருண்டார்கள். பதினோரு தடவை பாட வைத்தார்கள். ஆறாவது தடவை சினேகா 'ஒம்பது' என்றாள், எட்டாவது தடவை 'ஏழு' என்றாள்.

(அண்ணாச்சி அச்சடித்த பாட்டுப் புத்தகத்தில் 'டமார்' என்றே வந்துவிட்டது, சிவப்பெழுத்தில். அச்சுக்குப் பிளேட் போட்டாயிற்று, இனி மாற்ற முடியாது என்றார். உங்கள் வீட்டில் இருந்தால் அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.)

5

முடிவு ஒன்று: ஜூன் மாதம், பெரிய பள்ளிக்கூடம், சினேகா பேர் சொல்கிறாள், தலைமையாசிரியர் கண்ணைத் துடை— (வேண்டாம். நான் அங்கே இல்லை.)

நான் இருந்தது அன்று சாயங்காலம். சோலையம்மாள் வேலை விட்டு நேராக வந்தார். வெடிமருந்தில் கலக்கிற வெள்ளிப்பொடி, கழுவியும் போகாமல் முழங்கைவரை இருந்தது. டீச்சர் சொன்னதை அவர் நம்பவில்லை.

"ஏட்டி, எங்கன, சொல்லு பாப்போம்."

சினேகா முழித்தாள்.

"கேட்டா வராதுக்கா. நீங்க ஆடணும்" என்றார் டீச்சர்.

"நானா? நல்லாருக்கு போங்க."

ஆனாலும் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, டீச்சரிடம் பாட்டை ஒரு தடவை கேட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, "அங்கிட்டுத் திரும்பிக்கோங்க சார்" என்றார். திரும்பிக்கொண்டேன். அதனால் இதற்குமேல் எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. பெட்டி திறந்தது, திரி நிமிர்ந்தது, தள்ளி நின்றது, காது பொத்தியது, எல்லாம் சோலையம்மாளின் குரலில்தான் கேட்டது. "ஒம்பது பத்து" என்றுவிட்டு அவர் நின்றார்.

அடுத்த சொல் அவர் குரலில் வரவில்லை. அது என்ன சொல் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்தபடி படித்தால் வராது. ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள், எழுந்து நின்று.