நிலுவையில் இருந்த காயம்

மருதுபாண்டியின் இடது தோளில் 1949 தை மாதம் விழுந்த மண்வெட்டிக் காயம் பதினோரு வருடம் ஆறவில்லை. சீழ் பிடிக்கவில்லை, ஈ மொய்க்கவில்லை. அன்றைக்குப் பட்டதுபோலவே சிவந்து, ஒரு விரல் நீளத்துக்குத் திறந்திருந்தது. வெட்டியவன் அவனுடைய சித்தப்பா மகன் கூத்தையா. கண்மாய்த் தண்ணீர் இன்றைக்கு யார் முறை என்று வாய்க்காலில் ஆரம்பித்த பேச்சு அங்கே போய் முடிந்தது.

கேஸ் பாதி நடந்துகொண்டிருந்தபோது வக்கீல் குமாஸ்தா கூத்தையாவிடம், "ரெண்டு வருசம் உறுதிப்பா" என்று வாயை விட்டார். ஜாமீனில் இருந்த கூத்தையா அடுத்த வாய்தாவுக்கு முதல் நாளே வாலிநோக்கத்தில் கள்ளத்தோணி ஏறி இலங்கைக்கு ஓடிவிட்டான். கோர்ட்டில் வாரண்டு போட்டார்கள், ஊரில் தண்டோரா போட்டார்கள், கடைசியில் கேஸ் கட்டைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அன்றிலிருந்து காயம் நூலளவும் கூடவில்லை, குறையவில்லை. அரசாங்க டாக்டர் டிஞ்சர் தடவிப் பார்த்தார், பென்சிலின் குத்திப் பார்த்தார். நேர்மையான மனிதர், வழக்கு நிலுவையில் இருப்பதால் காயமும் நிலுவையில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்தடுத்து வந்த டாக்டர்கள் அதையே பார்த்து எழுதினார்கள். மருதுபாண்டி ஒரு பக்கமாகவே படுத்துத் தூங்கினான், பிள்ளைகளைத் தோளில் தூக்காமலே வளர்த்தான். அவன் கோபம் மூன்றே வருடத்தில் தீர்ந்துவிட்டது. வலிதான் தீரவில்லை.

கொழும்பில் மூட்டை தூக்கிய கூத்தையாவுக்கு இதெல்லாம் தெரியாது. அங்கே துணிக்கடை வைத்திருந்த கீழக்கரை நெய்னா முகம்மது 1960இல் ஊருக்குப் போய்த் திரும்பிவந்து சொன்னார்: "அல்லா அறிய எங் கண்ணால பாத்தேன்ப்பா. நேத்து வெட்டுனாப்புல இருக்கு." ஜெயிலுக்குப் பயந்து ஓடியவன் அந்தத் தோளுக்குப் பயந்து தலைமன்னாரில் கப்பலேறினான். தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து, நேராகக் கோர்ட்டுக்குப் போய்ச் சரணடைந்தான்.

இந்த இடத்தில் சொந்தக்காரர்கள் பெரிய மனது பண்ணிக் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தார்கள். ஒரே ரத்தம் எதற்கு ஜெயிலுக்குப் போக வேண்டும்? வண்டியிலிருந்து விழுந்ததாக மருதுபாண்டியே சொல்லிவிட்டால் கேஸ் முடியும், கேஸ் முடிந்தால் காயம் ஆறும் என்றார்கள். மருதுபாண்டியும் சம்மதித்தான். சாட்சிக் கூண்டில் ஏறி, சொல்லிக்கொடுத்தபடியே, "வண்டியில இருந்து விழுந்துட்டேனுங்க எசமான்" என்றான். பதினோரு வருடமாக ஒரு சொட்டும் கசியாத காயத்திலிருந்து ரத்தம் வழிந்து புதுத் துண்டு நனைந்தது. மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்தார்.

எதிர்க் கூண்டில் நின்ற கூத்தையாவுக்கு விளங்கிவிட்டது. இந்தப் பொய்யை நம்பி அவன் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தத் தோள் சாகும்வரைக்கும் இப்படியேதான் இருக்கும்.

"பொய்யிங்க எசமான்! நாந்தான் வெட்டுனேன். அண்ணன் மொதல்ல மம்பட்டிய ஓங்குனாருன்னு நான் அப்பச் சொன்னதும் பொய்யி. வெறுங்கையா நின்ன மனுசன வெட்டுனேன்."

அதை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுக் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். ரத்தம் நின்றது. எழுதிக்கொள்ளும்படி மாஜிஸ்திரேட் சொன்னார், குமாஸ்தா எழுதிக்கொண்டார். ஆறு மாதம் என்று தீர்ப்பானது.

போலீஸ்காரர் வராந்தா வழியாக அவனைக் கூட்டிப்போகும்போது பின்னால் மருதுபாண்டி ஓடிவந்தான். முகமெல்லாம் ஒரு மாதிரி கோணியிருந்தது.

"ஏலே கூத்தையா, அரிக்குதுடா!"

"நெசமாவாண்ணே?"

"ஆமாடா. தாங்க முடியல."

ஆறுகிற புண் அரிக்கும் என்பது போலீஸ்காரருக்கும் தெரியும். அவர் ஒரு நிமிஷம் நின்று கொடுத்தார். கூத்தையா விலங்கு பூட்டிய கைகளால் அண்ணனின் கையைப் பிடித்துத் தோளிலிருந்து விலக்கினான்.

"சொறியாதண்ணே," என்றான். "கொஞ்ச நாளு பொறுத்துக்க."