பெயர் வரும் சரணம்

பதினோரு பாட்டுகள் ஒலிநாடாவில் ஏறிவிட்டன. பன்னிரண்டாவது பாட்டுக்காக மழை விடட்டும் என்று காத்திருந்தோம். பால்ஃபெக்கி கிராமத்துத் தேவாலயக் கூடத்துக்குத் தகரக் கூரை. தூறல் விழுந்தாலே மைக்கில் எண்ணெய் பொரிவதுபோலக் கேட்கும். 1973ஆம் வருடம், மார்ச் மாதம். சத்தத்தைத் தடுக்க ஜன்னல்களில் நான் கட்டியிருந்த கம்பளிகள் ஈர நாய்போல நாறின.

அபர்டீனில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஓர் இசைத்தட்டு நிறுவனம் நடத்திவந்தோம். பழைய கதைப்பாடல்களை, வாத்தியம் எதுவும் சேர்க்காமல், வழிவழியாகப் பாடுகிறவர்களைக் கொண்டே பதிவுசெய்வது எங்கள் வேலை. டிப்பி மில்ன் அப்படிக் கிடைத்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பாடும்போது கண்ணை மூட மாட்டாள். எதிரில் இருப்பவரை நேராகப் பார்த்தபடியே பாடுவாள். கொலையானாலும் கல்யாணமானாலும் குரலில் ஒரே நிதானம். கேட்பவருக்குத்தான் முதுகு சில்லிடும்.

மிச்சமிருந்தது பெல் விஷார்ட்டின் பாட்டு. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இதே ஊரில், கட்டனாக் பண்ணையில் வேலைக்கு இருந்த பெண் பெல். வயிற்றில் பிள்ளையோடு மாவு ஆலைக் குளத்தில் பிணமாக மிதந்தாள். அவளாகவே குதித்தாள் என்றுதான் ஊர் பாடும். டிப்பி பிறந்ததும் விஷார்ட் குடும்பத்தில்தான். அந்த வீட்டில் மட்டும், பாட்டின் நடுவே, ஒன்பதாவதாக ஒரு சரணம் உண்டு. அதில் ஒருவன் பெயர் வரும். வெளியாள் காதில் விழும்படி அதை இதுவரை யாரும் பாடியதில்லை. அந்தச் சரணத்துக்காகத்தான் நான் வந்திருந்தேன் என்பதை இப்போது மறைப்பதில் அர்த்தமில்லை.

கதவு திறந்தது. டிப்பியின் புருஷன் டேவி சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான். கட்டனாக் பண்ணையில் பதினான்கு வருடமாக மாடு கறக்கிறவன்.

"வாய் தவறிச் சொல்லிட்டேன் டிப்பி," என்றான். "கடைசிப் பாட்டு எதுன்னு கேட்டாரு. பேச்சுவாக்குல சொல்லிட்டேன்."

"யாரு கேட்டா?"

"வேற யாரு? மொதலாளிதான். ஒரு வார்த்தை பேசல. வாளிய அப்பிடியே வெச்சுட்டுப் போயிட்டாரு."

"போனா போகட்டும்."

"போகட்டுமா? ஏ புள்ள, நாம இருக்கறது யாரு வீடு? வேலையோட வந்த வீடு. மே இருபத்தெட்டு, வேலை ஒப்பந்தம் முடியற நாள் வந்தா, சாவியக் குடுன்னு சொன்னா குடுத்துட்டு நடையக் கட்ட வேண்டியதுதான். ஊரு பாடற மாதிரியே பாடிட்டுப் போயேன். அவளே குதிச்சான்னு பாடு. செத்தவ எந்திரிச்சு வந்தா கேக்கப் போறா?"

"கேக்க மாட்டா," என்றாள் டிப்பி. "அதனாலதான்டா."

நான் நடுவில் புகுந்தேன். "பதினோரு பாட்டே போதும் டிப்பி. தட்டு நெறைஞ்சுடும்." பொய். அவளுக்கும் அது தெரியும்.

"ஃபின்லே, நீ மெஷினப் பாரு," என்றாள்.

மழை சட்டென்று நின்றது. கூரை விளிம்பிலிருந்து ஒழுகும் சொட்டுகள் மட்டும். நான் நாடாவைச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோது டேவியின் முதலாளி உள்ளே வந்தார். தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடும்பத்துப் பண்ணை, அதன் பெயரால் ஊர் அவரையும் கட்டனாக் என்றே அழைக்கும். அறுபது வயதிருக்கும். வாசல்நிலையை அடைக்கும் உடம்பு. தொப்பியைக் கழற்றினார், சுவரோரமிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து மைக்குக்கு நான்கடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"மழதான் விட்டுப் போச்சே. ஆரம்பிக்கலாமே."

"ஐயா, பதிவு நடக்கறப்போ வெளியாளுங்க..." என்று இழுத்தேன்.

"நான் இந்தச் சபையோட மூப்பன். இங்க உக்காந்து கேக்கக் கூடாதா? நாக்காலி சத்தம் போடாது. நானும் போட மாட்டேன்." பிறகு டிப்பி பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக் கூரைல ரெண்டு பலகை நழுவியிருக்கு, பாத்தேன். மாத்தணும். அங்க யாரு குடியிருந்தாலும் மாத்தித்தானே ஆகணும்."

டேவி கையிலிருந்த தொப்பியைப் பிழிந்தான். தரையில் தண்ணீர் சொட்டியது.

"ஒழுகறது பலகைல இல்ல மொதலாளி," என்றாள் டிப்பி. "புகைக்கூண்டுப் பக்கம். அஞ்சு வருஷமாச் சொல்றோம்."

நான் பொத்தானை அழுத்தினேன். அவள் பாடத் தொடங்கினாள்.

முதல் சரணத்தில் பெல் பண்ணைக்கு வேலைக்கு வருகிறாள். மூன்றாவதில் இளைய எஜமான் அவளுக்குக் கூந்தலில் கட்ட நாடா வாங்கித் தருகிறான். ஆறாவதில் பாவாடை இடுப்பில் இறுகுகிறது. டிப்பி கட்டனாக்கின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவரும் எடுக்கவில்லை. எட்டாவதில் பெல் ஆலைக் குளத்தங்கரையில் நிற்கிறாள், பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது.

அங்கே குரல் நின்றுவிட்டது.

வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஒலியளவு காட்டும் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்தது. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தவா என்று கை போனது, நிறுத்தவில்லை. அவள் முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்தினாள். கட்டனாக்கின் தோள்கள் லேசாகத் தளர்ந்ததைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அப்போது கதவுப் பக்கமிருந்து ஒரு கரகரத்த குரல், சுருதி எங்கேயோ போக, எழுந்தது.

*இளையவன் கட்டனாக் இரு கையால் அழுத்தினான்,*
*எழ எழ அழுத்தினான் பெல் விஷார்ட்டை...*

தேவாலயத்தில்கூட வாயை மட்டும் அசைக்கும் டேவி. முள் துள்ளிக் குதித்தது. மூன்றாவது வரியில் டிப்பியின் குரலும் வந்து சேர்ந்துகொண்டது. நான்காவது வரியில் அவன் விட்டுவிட்டான். மீதி மூன்று சரணங்களையும் அவள் தனியாகவே, கொஞ்சமும் அவசரப்படாமல், பாடி முடித்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் கட்டனாக்.

"முடிஞ்சுது."

எழுந்தார். நாற்காலியைப் பழையபடி சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். டேவியைத் தாண்டும்போது, "சாயங்காலக் கறவை அஞ்சு மணிக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

டேவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். டிப்பி போய் அவன் தோளில் ஓர் அறை வைத்தாள்.

"ராகத்த மூணு எடத்துல கொன்னுட்டியே, பாவி!"

"நீ நின்னுட்டியே. நான் என்ன பண்ணட்டும்?"

"பாடாதன்னு சொன்னது யாரு? நீதானே?"

"சொன்னேன்தான். நீ பாட முடியாம நின்னப்போ உன் மூஞ்சியப் பாத்தேன். வீடு போனா போய்த் தொலையட்டும்னு ஆயிடுச்சு."

இன்னொரு முறை சுத்தமாக எடுத்துவிடலாமா என்று கேட்டேன். டிப்பி தலையசைத்து மறுத்தாள். "வேணாம். ரெண்டாந்தடவ பாடினா எனக்குப் பயமே இல்லாத மாதிரி கேக்கும்." தட்டில் இருப்பது அந்தப் பதிவுதான். அந்த மௌனமும் உண்டு. ஏழு வினாடி.

ஏப்ரலில் கடிதம் வந்தது. வேலை மேயோடு முடிகிறது, வீட்டைக் காலிசெய்து கொடுக்கவும். இரண்டே வரி. டேவிக்குப் பீட்டர்ஹெட் துறைமுகத்தில் ஐஸ் தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. பாதி நான் செய்த வினை என்று எனக்கு உறுத்தல். மே இருபத்தெட்டாம் தேதி எங்கள் வேனை எடுத்துக்கொண்டு சாமான் ஏற்றப் போனேன்.

மேசையை வேன் கூரையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, முற்றத்தைத் தாண்டிக் கட்டனாக் வந்தார். அவர் டிப்பிக்கு எதிரே வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு? பாட்டுல இல்லையே."

"பதினேழு," என்றாள் டிப்பி. "எங்க வீட்டு பைபிள்ல, பொறப்பு எறப்பு எழுதி வெக்கற பக்கத்துல இருக்கு."

அவர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க வீட்டு பைபிள்ல அந்த வருஷத்துப் பக்கமே இல்ல. யாரோ கிழிச்சிருக்காங்க. சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். ஏன்னு யாரையும் கேட்டதில்ல."

இருங்கள் என்று அவர் சொல்லவில்லை. டிப்பியும் கேட்கவில்லை. டேவி கயிற்றை மேசைக்கு மேலே வீசினான். அந்தப் பக்கம் விழுந்த நுனியைக் குனிந்து எடுத்தது கட்டனாக்தான். அவர் இழுத்துப் பிடித்துக்கொள்ள, டேவி இந்தப் பக்கம் முடிச்சுப் போட்டான்.