தினகரனின் டிராக்டர்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கோகிலவாணி தினகரனின் டிராக்டரிலிருந்து டீசல் முழுவதையும் இறக்கினாள். திருட்டுதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. டாங்குக்கு அடியிலிருந்த அடைப்பைத் திருகி எடுத்து, இரண்டு கேனில் பிடித்து, அடைப்பைத் திரும்ப மாட்டிவிட்டு, தன் வீட்டுக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தாள். மூன்று வருடமாக இதற்காகத்தான் கறுவிக்கொண்டிருந்தாள்.

தினகரன் அவள் கணவன் சம்பத்துக்குப் பெரியப்பா மகன். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஒரு குறுகிய சந்தில் இரண்டு வீடும் அடுத்தடுத்து. வயலெல்லாம் மனையான பிறகு, தினகரன் டிராக்டருக்குப் பின்னால் ஒரு டாங்கரை மாட்டிக்கொண்டு அபார்ட்மென்ட்களுக்குத் தண்ணீர் அடித்துப் பிழைத்தான். பொதுச் சுவரை ஓரடி தள்ளிக் கட்டிவிட்டான் என்று சம்பத் அவன்மேல் மனு கொடுத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சம்பத் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆம்புலன்ஸ் என்னவோ பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது. உள்ளே வரத்தான் வழியில்லை. சந்து முனையில் தினகரனின் டிராக்டர், டாங்கர் நிறையத் தண்ணீரோடு, ஸ்ட்ரெச்சர் நுழைய இடமில்லாமல் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. டீசல் தீர்ந்துவிட்டதாம். கேனில் வாங்கி வந்து ஊற்றியும் கிளம்பவில்லை. டாங்க் காலியானால் பைப்பில் காற்று ஏறிவிடும், அதை எடுக்க மெக்கானிக்தான் வர வேண்டும், தனக்கு அதெல்லாம் தெரியாது என்று தினகரன் கையை விரித்தான். ஆறு பேர் தள்ளியும் வண்டி அசையவில்லை. கோகிலவாணி அவன் காலில் விழுந்து கதறினாள். கடைசியில் பின்பக்கச் சுவரேறிச் சம்பத்தைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

விதி என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் எலியேசரின் டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். இரண்டாம் மாதமே அந்த விதியின் வேஷம் கலைந்தது. டீசல் தீர்ந்து நின்ற டிராக்டர் ஒன்றுக்காக எலியேசர் குடித்துக்கொண்டிருந்த டீயை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஃபில்ட்டரின் தலையில் ஒரு போல்ட்டைத் தளர்த்தினார். பம்பின் பக்கத்திலிருந்த சின்ன நெம்புகோலைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். வண்டி கிளம்பிவிட்டது. அவர் திரும்பி வந்தபோது டீ இன்னும் ஆறவில்லை. இது எல்லா டிரைவருக்கும் தெரியுமா என்று அவள் கேட்டதற்கு, முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும், தெரியாதவனும் இருக்கிறான் என்றார்.

மீதிக் கால்வாசிதான் அவளைத் தூங்கவிடவில்லை. தினகரனுக்குத் தெரியாதென்றால் அவன் டாங்கை நிரப்பி வைக்கத் துப்பில்லாதவன், அவ்வளவுதான். தெரியுமென்றால் அவன் கொலைகாரன். நேரில் கேட்டால் தெரியாதென்றே சாதித்துவிடுவான். அதனால் அவன் கையாலேயே, நாலு பேர் பார்க்க, செய்துகாட்ட வைக்க வேண்டும். அப்புறம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்குத்தான் அவன் மகள் மாளவிகாவின் நிச்சயதார்த்த நாளாகப் பார்த்துப் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். சமையலுக்குப் பாதித் தண்ணீர் இறக்கிய டாங்கரை வெளியே எடுத்துவிடலாம் என்று ஒன்பதரைக்குத் தினகரன் பட்டு வேட்டியோடு டிராக்டரில் ஏறினான். பைப்பில் மிச்சமிருந்த எண்ணெயில் வண்டி சந்து முனைவரை போய், அதே இடத்தில் இருமிக்கொண்டு நின்றது. எதிரே மாப்பிள்ளை வீட்டாரின் மூன்று கார்களும் வந்து நின்றன. சுவருக்கும் டயருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம். சீர்த்தட்டோடு நுழைய முடியாது.

நேற்றுத்தான் டீசல் போட்டேன், எவனோ திருடிவிட்டான் என்று தினகரன் கத்தினான். அவன் மச்சான் உமேஷ் பைக்கில் பறந்துபோய் ஒரு கேன் வாங்கி வந்து ஊற்றினான். சாவியைத் திருகத் திருக வண்டி கரகரத்ததே தவிரக் கிளம்பவில்லை. மெக்கானிக்கைக் கூட்டி வரட்டுமா என்று உமேஷ் கேட்டான். தினகரன் மணியைப் பார்த்தான், காருக்குள் முகம் சுளித்த சம்பந்தி அம்மாளைப் பார்த்தான்.

கோகிலவாணி தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள். தெரியாதென்றால் இந்த மூன்று வருட ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

தினகரன் வேட்டியை மடித்துக் கட்டினான். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தான். தேடவில்லை, யாரையும் கேட்கவில்லை. நேராக ஃபில்ட்டரின் தலையிலிருந்த போல்ட்டைத் தளர்த்தி, கட்டைவிரலால் நெம்புகோலை அமுக்கினான். நுரை வந்தது, குமிழி வந்தது, பிறகு சுத்தமான டீசல் வழிந்தது. போல்ட்டை இறுக்கிவிட்டுச் சாவியைத் திருகினான். டிராக்டர் கிளம்பிவிட்டது. அவள் போனில் மணி பார்த்தாள்.

காரிலிருந்து இறங்கிய சம்பந்தி அம்மாளிடம் தினகரனின் மனைவி திரிபுரசுந்தரி பெருமை தாங்காமல் சொன்னாள்.

"மெக்கானிக்லாம் நாங்க கூப்டறதே இல்ல சம்மந்தி. இருவது வருசமா எங்கூட்டுக்காரரே எல்லாம் பாத்துக்குவாரு."

கோகிலவாணிக்கு இதற்குமேல் ஒரு சாட்சி தேவைப்படவில்லை. நேராக டிராக்டரிடம் போனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினகரனை 'மாமா, வாங்க, போங்க' என்றுதான் அவள் பேசியிருக்கிறாள்.

"எட்டு நிமிஷத்துல கெளப்பிட்டே. அன்னிக்கி நாப்பது நிமிஷம் உன் கால்ல வுயுந்து கதறினேன். எனுக்குத் தெரியாதுன்னு ஏன் சொன்னே?"

மாப்பிள்ளையின் அப்பா என்ன விஷயம் என்று கேட்டார். அவள் ஆம்புலன்ஸ் நின்ற இடத்தைக் காட்டி, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். டீசலை இறக்கியதும் தான்தான், போலீஸுக்குச் சொல்வதானால் தாராளமாகச் சொல்லட்டும் என்றாள்.

மாளவிகா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா, சித்தி சொல்றது நெஜமா?"

தினகரன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவன் எம்மேல மனு குடுத்தான்ல. கொஞ்ச நேரம் அலையட்டும்னுதான் நெனச்சேன். செத்துப்பூடுவான்னு நான் இன்னாத்தக் கண்டேன்."

திரிபுரசுந்தரி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தி அம்மாள் கையிலிருந்த தட்டை மெதுவாகக் காருக்குள் திரும்ப வைத்தாள்.

மாளவிகாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் நாளில் அந்தப் பெண்ணுக்கு எத்தனையோ தடவை தலை பின்னிவிட்டவள் கோகிலவாணி. இருந்தாலும் மூன்றாவது காரும் பின்வாங்கித் திரும்பிப் போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குள் போனாள்.