தோல் இல்லாத பந்து

தம்பி விருஷபதாஸ் பள்ளிக்கூடத்துக் கால்பந்து டீமில் சேரவேண்டும் என்று அவனைவிட அதிகம் ஆசைப்பட்டவள் அக்கா அனந்தமதிதான். அவன் சேர்ந்துவிடுவானோ என்று பயந்தவளும் அவளேதான்.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் அவர்கள் இருந்த வீட்டில் தோல் சாமான் எதுவும் வாசற்படி தாண்டாது. நைனாவின் செருப்பு தெருவோடு சரி. காசு வைக்கும் பைகூடத் துணியில் தைத்ததுதான். எல்லா ஜைன வீட்டிலும் இவ்வளவு கெடுபிடி கிடையாது. அம்மா ஜெயமாலா கொஞ்சம் கூடுதல். மாட்டுத்தோல் பந்தைப் பற்றி அவளிடம் வாயைத் திறக்க எவனுக்குத் தைரியம் வரும்? அக்காவும் தம்பியும் கந்தல் துணியைச் சுருட்டி, மேலே சணலைச் சுற்றி, அதையே பந்து என்று பெயர்வைத்துக் கொண்டார்கள்.

பள்ளிப்படிப்பு முடிந்து, மாப்பிள்ளை வரும்வரை வீட்டோடு இரு என்று உட்காரவைக்கப்பட்டவள் அனந்தமதி. பந்தைத் திருப்பித் தள்ள ஓர் ஆள் வேண்டும் என்றுதான் தம்பி அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டான். டிரில் வாத்தியார் டீம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை அவன் வேடிக்கை பார்த்துவிட்டு வந்து ஒப்பிப்பான். உள்பாதத்தால் தள்ளுவது, உள்ளங்காலால் அமுக்கி நிறுத்துவது, கவிழ்த்துவைத்த குடங்களுக்கு நடுவே உரசாமல் உருட்டிப்போவது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் செய்வாள். கொஞ்ச நாளில் குடங்கள் உருண்டதெல்லாம் தம்பி கால் பட்டுத்தான். அதைச் சொன்னால் அவனுக்கு மூக்கின்மேல் கோபம் வரும்.

செஞ்சியில் பொழுது சாய்கிறதென்றால் சூரியன் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வதுதான். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தாலும் அம்மா கணக்கில் அது அஸ்தமனம். அஸ்தமனத்துக்கு அப்புறம் ஜைனர்கள் சாப்பிடக்கூடாது என்பதால் அதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அம்மா கூப்பிடும்வரை கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அனந்தமதி விடிந்ததிலிருந்து வேலைகளை ஓட்டிக்கொண்டிருப்பாள்.

டீமுக்கு ஆள் எடுத்த அன்று தம்பி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். தோல்பந்து எகிறுகிறதாம். இவன் காலை வைத்தால் பந்து முட்டிக்கொண்டு அடுத்தவனிடம் போய்விடுகிறதாம். போகாமல் என்ன செய்யும்? கந்தல் பந்து பொத்தென்று விழுந்து அங்கேயே படுத்துக்கிடக்கும். எகிறும் பந்தில் அவன் எங்கே பழகினான்? அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

அனந்தமதி யோசித்தாள். பந்துக்கு உள்ளே இருக்கும் பிளாடர் ரப்பர்தானே, தோல் இல்லையே? தம்பி பள்ளிக்கூடத்தில் கெஞ்சி, ஒட்டுப்போட்ட பழைய பிளாடர் ஒன்றை இரவல் வாங்கிவந்தான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை மூடும் பழைய படுதாவை வெட்டி அவள் அதற்கு உறை தைத்தாள். அம்மா அதைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, தையலை ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பந்து முதல்முறை எகிறியபோது அனந்தமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை. இரண்டே நாளில் அதன் சூட்சுமம் அவளுக்குப் பிடிபட்டது. "வர்ற பந்தை எதுத்துக்கினு போவாதடா. அது கூடவே காலைப் பின்னால இழு" என்று தம்பிக்குச் சொன்னாள்.

அவன் தேறத் தேற, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவள் எண்ணத் தொடங்கினாள். டீமில் சேர்ந்துவிட்டால் தினமும் சாயங்காலம் மைதானத்தில்தான் ஆட்டம். பின்கட்டுக்கு எதற்கு வரப்போகிறான்? ஒருநாள் வேண்டுமென்றே சுலபமான பந்தாகவே போட்டாள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்ட பெருமையில் அவன் குதித்தான். அதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளிலிருந்து அவனைத் திணறடிக்கிற மாதிரிதான் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னான். அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் நாளைச் சாயங்காலம் பின்கட்டில் அவன் இருக்கமாட்டான். இருட்டுவதற்குள் இலை போட்டுச் சோறு வைத்தாள்.

"பந்தை இப்டி நிறுத்த யார்டா சொல்லிக்குடுத்ததுன்னு வாத்தியார் கேட்டாரு. எங்க அக்கான்னேன். பசங்கல்லாம் சிரிச்சாங்க."

"நீ?"

அவன் இலையைப் பார்த்தான். "நானும் சிரிச்சிட்டேன்க்கா. சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்னுட்டேன்."

நாலு அறை வைக்கலாம் போலிருந்தது அவளுக்கு. பிளாடரை நாளைக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவன் மெல்லச் சொன்னான். அவள் பந்தை எடுத்துவந்து தானே தையலைப் பிரித்தாள். காற்று முழுக்கப் போகும்வரை பிளாடரை அமுக்கிப் பிடித்திருந்தாள். சுருங்கிப்போன ரப்பரை அவன் பக்கத்தில் வைத்தாள்.

"இதைக் குடுக்கும்போது இன்னொரு வாட்டி சொல்லு. சிரிக்காம சொல்லு."

அவன் தலையாட்டினான். இத்தனை நாளும் இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அவங்க நம்பலைன்னா நான் வந்து சொல்றேன். தெனமும் பாத்துக்கினுதானே இருந்தேன்."