வியாழக்கிழமை விற்ற பிரதி

2022 நவம்பர் 14, திங்கட்கிழமை இரவு பதினொரு மணிக்கு, மிச்சிகன் மாநிலம் எஸ்கனாபாவில், லடிங்டன் தெருவிலுள்ள நிஸ்கனென் புத்தகக் கடையின் முன் நூற்று எழுபத்திரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

எண்ணியது நான்தான். பொடிப்பனி விழுந்துகொண்டிருந்தது. வரிசையில் ஆண்கள் குறைவு. விடிந்தால் மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது. துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் சனிக்கிழமையே காட்டுக் கொட்டகைகளுக்குப் போய்விட்டார்கள். நவம்பர் பதினைந்தன்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடமே கிடையாது. புத்தகத்தின் வெளியீட்டு நாளைக் குறித்த நியூயார்க் பதிப்பகத்தாருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. காட்டுக்குப் போனவர்கள் வீட்டில் விட்டுப்போன மழைக்கோட்டுகளும் மீன்பிடி ரப்பர் கால்சட்டைகளும் அன்றிரவு கதைப் பாத்திரங்களாக வேஷம் போட உதவின.

புத்தகம் ‘ஒன்பது தோணிகள்’ வரிசையின் ஐந்தாவது, கடைசிப் பாகம். ஆற்றில் தன் நிழலை இழந்த தோணிக்காரி ஒருத்தியின் கதை. நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் நடு ஆற்றில் துடுப்பைக் கீழே வைக்கிறாள். வாசகர்கள் அவளை அங்கேயே விட்டுவிட்டு ஆறு வருஷம் காத்திருந்தார்கள். வரிசையில் நாற்பது தோணிக்காரிகளாவது இருந்தார்கள். சாம்பல் போர்வைக்குள் இரண்டு பேர் குனிந்து நடந்து மூடுபனி எருதாக வந்திருந்தார்கள்; முன்கால் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, பின்கால் அவருடைய தங்கை. பின்கால்தான் அதிகம் புலம்பியது. மெனோமினியிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. அந்த மாவட்டத்தில் கடிகாரம் எங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. தங்கள் ஊர்க் கடை திறப்பதற்கு முன்பே வாங்கிவிடலாம் என்று தொண்ணூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தவர்கள் அவர்கள்.

எனக்குக் கடைக்காரர் ஆர்லீன் சுங்கக் கிழவி வேஷம் கொடுத்திருந்தார். கறுப்புச் சால்வை, மணி தைத்த தொப்பி. தலையை அசைத்தால் மணி அடிக்கும். அன்றிரவு அது ஓயாமல் அடித்தது, ஏனென்றால் வந்தவர் ஒவ்வொருவர் முகத்தையும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்களில் ஒருவரிடம் அந்தப் புத்தகம் நான்கு நாளாக இருந்தது. விற்றவள் நான்.

நான் இந்த ஊர்ப் பத்திரிகையில் இருபத்தாறு வருஷம் நிருபராக இருந்தவள். அந்த வருஷம் மார்ச் மாதம் பத்திரிகை மூடப்பட்டது. ஐம்பத்தெட்டு வயதில் யாரும் என்னை வேலைக்குக் கேட்கவில்லை, ஆர்லீன் நிஸ்கனெனைத் தவிர. அக்டோபர் கடைசியில் கடையில் சேர்ந்தேன். வியாழக்கிழமை பத்தாம் தேதி, கூரியர் வண்டியில் ஒரே நேரத்தில் முப்பது பெட்டிகள் வந்து இறங்கின. ‘ஒன்பது தோணிகள்’ முதல் நான்கு பாகங்களின் புதுப்பதிப்பும் அவற்றில் இருந்தது. ஐந்தாம் பாகமும் இருந்தது. ஐந்துக்கும் ஒரே சாம்பல் நிற அட்டை.

ஐந்தாம் பாகத்தின் பெட்டிகள் மேல் ‘பதினைந்தாம் தேதிக்கு முன் திறக்கக் கூடாது’ என்று சிவப்பில் அச்சிட்டிருந்தது. ஆர்லீன் அவற்றைப் பின்னறையில் அடுக்கி ஒட்டு நாடாவும் போட்டுவிட்டு, பல் வைத்தியரிடம் போனார். ஒரு பெட்டி மட்டும் தலைகீழாக இறங்கியிருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. காலையிலிருந்து பெட்டி கிழித்து மேசையில் அடுக்கிக்கொண்டிருந்த என் கை அதையும் கிழித்தது. பதினாறு பிரதிகளை எடுத்து முன்மேசையில், மற்ற நான்கு பாகங்களுக்குப் பக்கத்தில், அழகாக அடுக்கினேன்.

ஐந்து மணிக்கு ஆர்லீன் ஒரு பக்கத் தாடை மரத்துப்போய்த் திரும்பி வந்தார். மேசையைப் பார்த்தார். விரலால் முதுகு முதுகாகத் தொட்டு எண்ணினார். பதினைந்து.

“ஒண்ணு எங்க?” என்றார்.

கணினியில் விற்ற நேரம் இருந்தது: 4:52. ரொக்கம் கொடுத்து வாங்கியதால் பெயர் இல்லை. பெண் என்பது நினைவிருந்தது. காலணியில், பனி கரையத் தெருவில் தூவும் உப்பின் கறை இருந்தது. குளிர்காலத்தில் இந்த ஊரில் எல்லோர் காலணியிலும் அது இருக்கும். முகம் நினைவில்லை. நீதிமன்றத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர் போட்டிருந்த கழுத்துப்பட்டையின் நிறத்தை எழுதியவள் நான். ஒரு கை நீளத்தில் நின்ற முகத்தைச் சொல்ல முடியவில்லை.

ஆர்லீன் கத்தவில்லை. பதினைந்தையும் பெட்டிக்குள் திருப்பிப் போட்டபடி சொன்னார்: “இருபத்தாறு வருஷம் பேப்பர்ல இருந்தவ நீ. குறிச்ச நேரத்துக்கு முன்னாடி வெளிய விடக்கூடாதுங்கறத உனக்குப் போய் நான் சொல்லித்தரணுமா?”

சொல்லித்தர வேண்டியதில்லை. பத்திரிகையில் இருந்தபோது அப்படிப்பட்ட நிபந்தனைகளை நூற்றுக்கணக்கில் காப்பாற்றியிருக்கிறேன், ஒன்றைக்கூட மீறியதில்லை.

ஆர்லீன் ஆகஸ்டில் பதிப்பகத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளை எடுத்துக் காட்டினார். தேதிக்கு முன் ஒரு பிரதி வெளியே போனாலும், இனி எந்தப் பெரிய வெளியீட்டுக்கும் புத்தகங்கள் அன்றைக்கு வராது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துத்தான் வரும். அதற்குள் ஊரில் எல்லோரும் வேறெங்காவது வாங்கி முடித்திருப்பார்கள். இப்படிப்பட்ட இரவுகள்தான் அந்தக் கடையைக் குளிர்காலத்தைத் தாண்ட வைத்தன. வாங்கியவர் ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணையத்தில் போட்டால் போதும். ரசீதில் கடையின் பெயர் இருக்கிறது. அப்படி ஏதாவது வெளியே வந்தால் பதிப்பகத்துக்குப் பதில் எழுதும்போது யார் செய்தது என்றும், அவர் இப்போது வேலையில் இல்லை என்றும் எழுத வேண்டியிருக்கும் என்றார் ஆர்லீன். மிரட்டலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, தாடை வலிக்கிறது என்று எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

நான்கு நாளும் அரை மணிக்கொரு தரம் இணையத்தைத் துழாவினேன். ஒன்றும் வரவில்லை. வராமல் இருந்தது பயத்தைக் குறைக்கவில்லை.

பதினொன்றே காலுக்குக் கதவைத் திறந்தோம். புத்தகம் நள்ளிரவில்தான், அதுவரை இஞ்சி பிஸ்கட்டும், சூடான ஆப்பிள் சாறும், வேஷப் போட்டியும். வாசலருகே ஒரு கண்ணாடி ஜாடி. தோணிக்காரிக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் சீட்டில் எழுதிப் பேர் போட்டு அதில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் படித்து முடித்த பிறகு, உரக்க வாசிப்பார்கள். ஜாடியை நான் கல்லாவுக்குப் பின்னால் எடுத்துப்போய் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தேன். யாராவது அளவுக்கு மீறித் தெரிந்தவர்போல எழுதியிருந்தால் அவர்தான் என்று கணக்கு. முப்பதாவது சீட்டுக்கு மேல்தான் என் கணக்கிலிருந்த ஓட்டை உறைத்தது. முடிவு எனக்கும் தெரியாது. யாருக்குத் தெரியும் என்று கண்டுபிடிக்க நான் முதலில் அந்தப் புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டும்.

மூடுபனி எருதின் பின்கால் ஆப்பிள் சாறு கேட்டு வந்தது. சீட்டுகளோடு என்னைப் பார்த்துவிட்டு, “இது திருட்டுத்தனம், கொலெட்” என்றது. “பேப்பர்க்காரங்க புத்தி போகாது.” நான் சீட்டுகளை மடித்து ஜாடிக்குள் போட்டேன்.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது ஒரு தோணிக்காரி கல்லாவுக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஆண்களின் ரப்பர் கால்சட்டையை மார்புவரை இழுத்துக் கட்டியிருந்தாள். தோளில் படுக்கை விரிப்பு, கையில் நிஜத் துடுப்பு. வேஷப் போட்டியைப் பற்றிக் கேட்க வந்ததாக நினைத்தேன். அவள் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்கதானே வியாழக்கிழமை எனக்கு பில் போட்டீங்க?”

என் தொப்பி மணி அடித்திருக்க வேண்டும்.

“நான் டார்சி லிண்ட்குவிஸ்ட். ஆஸ்பத்திரில ரிக்கார்டு பிரிவு. பயப்படாதீங்க, யாருக்கும் காட்டல.”

எங்கே என்று கேட்டேன்.

“எங்க வீட்டு துப்பாக்கி அலமாரில.”

பிறகு தாழ்ந்த குரலிலேயே முழுக்கச் சொன்னாள். ஜூலையிலேயே முன்பதிவு செய்திருக்கிறாள். வியாழக்கிழமை வேறு எதற்கோ கடைக்கு வந்தவள், மேசையில் அதைப் பார்த்ததும் யோசிக்காமல் எடுத்துவிட்டாள். காரில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தபோதுதான் தேதி உறைத்தது. திருப்பிக் கொடுக்க இறங்கியவள், ஆர்லீன் கடைக்குள் நுழைவதைப் பார்த்திருக்கிறாள்.

“உங்களப் பாத்தாலே புதுசுன்னு தெரிஞ்சுது. ரசீது எந்தப் பக்கமா கிழிக்கறதுன்னுகூடத் தெரியல உங்களுக்கு. ஆர்லீன் முன்னாடி நான் புத்தகத்தோட வந்து நின்னா உங்க கதி என்ன ஆகும்? போன் பண்ணாலும் அவங்கதான் எடுப்பாங்க. நானும் வேலைக்குச் சேந்த முதல் மாசம் ஒருத்தரோட ஃபைலை இன்னொருத்தர் பேர்ல வெச்சவதான். பக்கத்து சீட்டுப் பொண்ணு ஒரு வார்த்த பேசாம எடுத்து மாத்தி வெச்சுட்டா.”

வீட்டில் புத்தகம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் படித்துவிடுவோம் என்று தெரிந்திருக்கிறது. கணவன் கோர்டியிடம் கொடுத்து, துப்பாக்கி அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். சனிக்கிழமை கோர்டி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, புத்தகத்தை உள்ளே வைத்துப் பூட்டி, பழக்கத்தில் சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். கொட்டகையில் தொலைபேசி எடுக்காது.

“ஞாயித்துக்கிழமதான் வருவான். வந்ததும் கொண்டாந்து தரேன். இன்னிக்கு நான் முன்பதிவு பண்ணதத்தான் வாங்க வந்திருக்கேன்.”

ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லையா என்று கேட்டேன்.

“முதல் வரி. கார்ல. அதோட மூடிட்டேன்.”

“எப்படி இருந்துது?”

டார்சி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். “இன்னும் பன்னெண்டு அடிக்கல.”

என் தொழிலில் நன்றி என்ற சொல்லைத் தினம் பத்து தடவை சொல்லியிருக்கிறேன்: தொலைபேசியை வைக்கும்போது, தகவல் கொடுத்தவரின் கதவைச் சாத்தும்போது. இப்போது அது போதாது என்று பட்டது. ஆறு வருஷம் காத்திருந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பேர்கூடத் தெரியாத ஒருத்திக்காக நான்கு நாள் திறக்காமல் இருந்திருக்கிறாள். நான் செய்தது அவள் கையைப் பிடித்ததுதான். துடுப்பு இடையில் இடித்தது.

ஆர்லீனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் டார்சியை மேலும் கீழும் பார்த்தார்.

“என்கிட்ட மறைக்கவா இவ்வளவும்? மேசைல பதினஞ்சு இருந்துச்சும்மா. எனக்கு எண்ணத் தெரியும்.”

“அப்ப அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?”

“அஞ்சு மணிக்கே தெரியும்.”

டார்சி சிரிக்க ஆரம்பித்து, அடக்க முடியாமல் கல்லாவில் சாய்ந்துவிட்டாள். “நாலு நாள்” என்றாள். “நாலு நாள் அந்த அலமாரி முன்னாடி போய் நின்னேன், ஆர்லீன். திருகு கழட்டலாமான்னுகூட யோசிச்சேன்.”

ஆர்லீன் அவளை வரிசையில் முதலாவதாக நிறுத்தப் பார்த்தார். டார்சி ஒப்பவில்லை. அவள் எண் அறுபத்தொன்று. முன்னால் மெனோமினிக்காரர்கள் நிற்கிறார்கள், அவ்வளவு தூரம் வந்தவர்களைத் தாண்டுவது நியாயமில்லை என்று தன் இடத்துக்கே போனாள்.

பன்னிரண்டு அடித்ததும் ஆர்லீன் எல்லோர் முன்னாலும் பெட்டிகளைக் கிழித்தார். நான் கை நீட்டியும் கத்தியை என்னிடம் கொடுக்கவில்லை. அதற்கு வரிசையே சிரித்தது, காரணம் தெரியாமல். நான் பெயரைப் பார்த்துப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கொடுத்தேன். கணக்கு ஆசிரியை போர்வைக்குள்ளேயே படிக்கத் தொடங்கிவிட்டதால் எருது வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. டார்சியின் முறை வந்தபோது பனி மறுபடி பிடித்திருந்தது. அவள் புத்தகத்தைப் படுக்கை விரிப்புக்குள் செருகிக்கொண்டு, காரில் விளக்கைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கு நாங்கள் கடையைப் பூட்டும்போதும் அந்தக் கார் அங்கேயேதான் நின்றது. ஆர்லீன் மிச்சமிருந்த ஆப்பிள் சாற்றை ஒரு குவளையில் ஊற்றிக் கொண்டுபோய்க் கண்ணாடியைத் தட்டினார். டார்சி தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆர்லீன் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். ஒரு பக்கமும் வெளியே வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பதிப்பகத்துக்கு எழுதாமல் விட்டுவிடலாமே என்று நினைத்தேன். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

“கையெழுத்துப் போட்டவ நான்” என்றார். “நடந்தத நடந்தபடி எழுது. உனக்குத்தான் அது வரும்.”

எட்டு வாக்கியங்களில் எழுதினேன். தவறு செய்தவள் என்று என் பெயரைப் போட்டேன். டார்சியை ‘வாடிக்கையாளர் ஒருவர்’ என்று மட்டும் குறிப்பிட்டு, அவர் என்ன செய்தார் என்பதற்கு மூன்று வாக்கியங்கள் எடுத்துக்கொண்டேன். ஆர்லீன் படித்துவிட்டு ஒன்றையும் வெட்டாமல் கையெழுத்துப் போட்டார்.

பதிப்பகத்தின் பதில் டிசம்பர் இரண்டாம் தேதி வந்தது. கடைக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை, வேறு நடவடிக்கை இல்லை, அடுத்த வெளியீட்டுக்குப் புத்தகங்கள் வழக்கம்போல முன்கூட்டியே அனுப்பப்படும். அடுத்த வெளியீடு மே மாதம் வந்தது. பெட்டிகள் நான்கு நாள் முன்னதாக வந்து சேர்ந்தன. நான் அவற்றைப் பின்னறையில் அடுக்கினேன்.