கீழ்ப்பக்கக் கீறல்

யட்டவத்தையில் ஸப்ரியைப் போல வசமாக மாட்டிக்கொண்ட ஒருவன் இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம். சிகிரியாப் பக்கம் ஹோட்டல் ஒன்றில் கேக்குக்கு ஐசிங் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை. வெள்ளைக்காரர்கள் படம் பிடித்துவிட்டுத்தான் அதில் கத்தியையே வைப்பார்கள். வாப்பா மௌத்தான செய்தி கேட்டு உடுத்த உடுப்போடு ஓடிவந்தவன், இப்போது முழங்கை வரை ஓயில் பூசிக்கொண்டு, வாப்பாவின் பழைய டர்போ லொறிக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறான்.

அந்த எஞ்சினைப் பிரித்துப் போட்டதே வாப்பா ஜைனுதீன்தான். ஏற்றத்தில் சூடேறி ஹெட் கேஸ்கட் போய்விட்டது. பிரித்தவர் பூட்டவில்லை, ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். பிஸ்டனும் வால்வும் பிஸ்கட் டின்களில் கிடந்தன. உம்மா ஹிதாயா இத்தாவில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டுப் படி தாண்டுவதில்லை, அந்நிய ஆண் கண்ணில் படுவதுமில்லை. அவள் இருந்தது முற்றத்தைப் பார்த்த அறை, ஜன்னலுக்குத் திரை. அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் இட்ட முதல் கட்டளை இது:

"வாப்பா பிரிச்சதப் பூட்டு மகன். லொறி ஓடணும்."

ஓடணுமாம்! ஓடினால் யார் ஓட்டுவது? மௌத்தானவருக்காகக் குர்ஆன் ஓதும் கத்தத்துக்கு வந்த வாப்பாவின் தம்பி ரவூப் சாச்சா, "வாப்பாட சீட்டுல இனி நீதான்" என்று எல்லார் முன்னாலும் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டுப் போனார். உம்மா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹோட்டலிலோ, வருகிற வெள்ளிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்கிறார்கள். லொறி செத்தால் பழைய இரும்புக்காரன் கொண்டுபோவான், இத்தா முடிந்ததும் உம்மா உக்குவளையில் மூத்த மகள் ஜெஸ்லா வீட்டோடு இருந்துகொள்வாள், இவன் தன் கேக்கிடம் போய்விடலாம். லொறி பிழைத்தால் நாவுல வெங்காயத்தையும் மாத்தளை மிளகையும் ஏற்றிக்கொண்டு ஆயுசு முழுக்க அந்தச் சீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

லொறியைப் பிழைக்கவைக்க வந்தவன் மாத்தளையில் கராஜ் வைத்திருக்கும் லெட்சுமணன். வேலை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். "தம்பி, பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி தூர நின்னா எப்புடி? கைய வைங்க" என்று ஸப்ரியை இழுத்து வேலையில் போட்டான். லைனர், ரிங்ஸ், பெயாரிங் எல்லாம் புதிதாய்ப் போட்டார்கள். ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கி, எஞ்சினை ஏற்றி, சாவியைத் திருப்பினால், பாவி எஞ்சின் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அன்று மத்தியானம் லெட்சுமணன் சாப்பிடப் போன நேரம், ஸப்ரி தன் பையைத் திறந்து கேக் ஓரம் சீவுகிற மெல்லிய கத்தியை எடுத்தான். டர்போ அமுக்கித் தள்ளுகிற காற்று ஒரு தடித்த ரப்பர் குழாய் வழியாகத்தான் எஞ்சினுக்குள் போகிறது. அதன் கீழ்ப்பக்கத்தில், கண் போகாத இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கீறிவிட்டான். சும்மா நிற்கும்போது கீறல் மூடியே இருக்கும். ஏற்றத்தில் மிதித்தால் திறந்துகொண்டு காற்றை வெளியே விட்டுவிடும்.

அதற்குப் பிறகு லெட்சுமணன் பட்ட பாடு கொஞ்சமல்ல. சமதரையில் தங்கமாய் ஓடுகிற லொறி, வீட்டுப் பாதை ஏற்றத்தில் கால்வாசி போனதும் கரும்புகையைக் கக்கிக்கொண்டு இழுக்கமாட்டேன் என்று நின்றது. இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதித்தான். பம்பைத் திருத்தினான். பில்டரை மாற்றினான். குழாயின் கிளிப்புகளை இறுக்கி, மேலால் தடவிப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "நான் பூட்டின எஞ்சின் என் மானத்த வாங்குதே தம்பி!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவனுக்கு டோர்ச் பிடித்தவன் ஸப்ரி. அந்த மனிதனின் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, படுபாவி.

அதற்கிடையில் நாவுலயிலிருந்து லாபிர் என்றொரு பெரிய வியாபாரி இரண்டு தரம் வந்தார். லொறியைச் சுற்றிப் பார்த்தார், ஏற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னார், புகை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். வாடகைக்கு வெங்காயம் ஏற்றுகிற ஹயர் ஒன்று தப்பிப் போனது என்று ஸப்ரி உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான்.

வியாழக்கிழமை காலை மறுபடி ஏற்றிப் பார்த்துவிட்டு இறங்கியபோது ஜன்னல் திரை அசைந்தது.

"லெட்சுமணன் தம்பி, ஏறக்குள்ள டர்போட விசில் சத்தம் கூடி வருது. வந்து, ஸ்ஸ்ஸெண்டு எறங்கிப் போகுது" என்றாள் ஹிதாயா. "அவர் ஓட்டக்குள்ள அப்பிடி இல்ல. எங்கயோ காத்துப் போகுது. குழாய்க்கு அடியில கைபோட்டுப் பாத்தீங்களா?"

லெட்சுமணன் கையை அடியில் விட்டான். அப்படியே நின்றான். பிறகு குழாயைக் கழற்றி வளைத்தான். கீறல் வாயைப் பிளந்தது. தானாக வெடித்த ரப்பர் இத்தனை நேராக வெடிக்குமா? ஸப்ரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரப்பர் பழசுங்க அக்கா, வெடிச்சிருச்சு" என்றான் லெட்சுமணன் ஜன்னல் பக்கம். பிறகு குரலை இறக்கி, "என் தொழிலோட வெளையாடிட்டீங்களே தம்பி" என்றான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுக் குழாய் வாங்க டவுனுக்குப் போனான்.

"மகன், உள்ள வா."

உம்மாவின் முகத்தில் இத்தனை வாரத்துக்குப் பிறகு ஒரு தெளிவு. "சாச்சாக்குச் சொல்லிராத. லாபிர் வந்தது ஹயருக்கில்ல. லொறிய வாங்க."

"விக்கவா பூட்டச் சொன்னீங்க?"

"பின்ன? கேக் செய்ற கையால நீ ஸ்டியரிங் புடிக்கவா? ஓடாத லொறிக்கி இரும்பு வெலதான் தருவாங்க. ஓடினாத்தான் நான் ஒன்ன நிம்மதியா அனுப்பலாம். புருஷன்ட கபுறு மண் காய முந்தி லொறிய வித்தாளெண்டு ஊர் பேசுமே, அதான் மூச்சு விடல்ல. ஒனக்குச் சொன்னா ஒன்ட மொகமே சாச்சாக்குக் காட்டிக் குடுத்துரும்."

"இப்ப லாபிர்..."

"காலையில கோல் பண்ணினன். புகையக் கண்டு பயந்துட்டாராம். நேத்து வேற லொறி எடுத்திட்டாராம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரவால்ல மகன், இன்னொரு ஆள் வராமலா போகும்? அதுவரைக்கும் நீ ஓட்டு. இல்லாட்டி அடுப்பு எரிய வேணாமா?"

"ஆள் எப்ப வரும் உம்மா?"

"அல்லாஹ் அனுப்புற நேரம்."

'நான்தான் கீறினன் உம்மா' என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அவள் எங்கே போய் அழுவாள்? இந்த நாலு சுவரையும் பார்த்துத்தானே அழ வேண்டும். விழுங்கிக்கொண்டான்.

பின்னேரம் லெட்சுமணன் புதுக் குழாயைப் பூட்டினான். கையைத் துடைத்துவிட்டு, தான் ஏறாமல் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தான். "ஏறுங்க தம்பி. இனி நீங்கதானே."

ஸப்ரி ஏறினான். நாளைக்கு வெள்ளி. ஏற்றத்தில் வைத்து மிதித்தான். விசில் கூடிக்கொண்டே போனது. இறங்கிவிடு, இறங்கிவிடு என்று மனசுக்குள் மன்றாடினான். அது இறங்கவே இல்லை. ஒரு துளி புகையில்லாமல் லொறி உச்சி வரை ஏறியது. திருப்பிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது திரைக்குப் பின்னால் உம்மா விம்மி விம்மி அழுகிற சத்தம் கேட்டது.

"கேக்குதா மகன்? அப்பிடியே வாப்பா வாற மாதிரியே இரிக்கு!"